கன்னி மூலைப் பனிமேடு

பனி அரங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் நாளே ஒரு வீடியோ போட்டுக் காட்டியிருப்பார்கள். எனக்கும் காட்டினார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டு மலை. லாரியைவிடப் பெரிய ஓர் இயந்திரம் சங்கிலிப் பட்டையில் உருண்டு போய், மலைச்சரிவு முழுவதையும் சீப்பால் வாரியது போலக் கோடு கோடாக்கிவிட்டுத் திரும்பும். ஓட்டுகிறவர் தாடி வைத்திருப்பார், கையில் காபி, பின்னணியில் பியானோ. படம் முடிந்து விளக்கைப் போட்டதும்தான் நாம் கோவிலம்பாக்கத்தில் இருக்கிறோம் என்பது நினைவுக்கு வரும். வெளியே தண்ணீர் லாரிக்காரர் வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

நான் அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது உங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, சரிவைப் பராமரிப்பது பற்றிப் புதியவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்கிறார். இயந்திரத்தின் பற்களை எவ்வளவு இறக்குவது, குளிர் காற்றை எப்போது கூட்டுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. முதலாளியைப் பற்றி, முதலாளியின் மச்சானைப் பற்றி, வாஸ்துவைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆகவே அதை நான் எழுதுகிறேன்.

முதலில் முதலாளி. அவர் பெயரை ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் பழைய குடும்பம். அரங்கம் நிற்கிற இடம் அவர்களுடைய நெல்வயல். வயல் மனைகளாகி, மனைகளில் மிச்சமானது கல்யாண மண்டபமாகி, அதற்குப் பக்கத்தில் பனி அரங்கமாயிற்று. குடும்பத்தோடு மணாலிக்குச் சுற்றுலா போனவர், அங்கே பனியில் உட்கார்ந்தபடியே தீர்மானித்துவிட்டாராம். "அங்க போணும்னா ஃபிளைட்டு, சொட்டரு, வாந்தி மாத்திரை. அத்த இங்கியே வெச்சிட்டா ஜனங்களுக்கு சௌகரியம்தானே மேடம்" என்று என்னிடம் சொன்னார்.

நான் அப்போது ஒரு மாலில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்தேன். வீடு ராஜகீழ்ப்பாக்கம். மாலின் தரை பளபளவென்று இருப்பதைப் பார்த்துத்தான் என்னை அழைத்தார். "நம்ம கிட்டயும் தரைதான் மேடம். கொஞ்சம் வெள்ளையா இருக்கும், கொஞ்சம் சாஞ்சி இருக்கும். அவ்ளோதான்." இப்படித்தான் நான் சரிவுப் பொறுப்பாளர் ஆனேன். பனி என்று அதுவரை நான் பார்த்தது வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் படிவதை மட்டும்தான்.

அடுத்தது டில்லிபாபு. பொழிச்சலூர்க்காரர். ஜேசிபி ஓட்டியவர். நம்முடைய இயந்திரம் வீடியோவில் வருவதற்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். கறுப்பு, குள்ளம், நினைத்த இடத்தில் நின்றுவிடும். டில்லி அதற்கு எருமை என்று பெயர் வைத்தார். ஓட்டும்போது அதனோடு பேசுவார். திட்டுவார் என்றும் சொல்லலாம்.

எங்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்க இமாச்சலிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். என் மகனைவிடச் சின்னவர். பனிக்குள் இருக்கும்போது சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு திரிவார். டீ குடிக்க வெளியே வந்தால் வெயிலில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். என்னுடைய இந்தி பிராத்மிக் பரீட்சையோடு நின்றுபோனது. அவருடைய தமிழ் ஒரே ஒரு சொல்லோடு நின்றது. அந்தச் சொல் "விடு". டில்லிதான் கற்றுக் கொடுத்திருந்தார். பனியைக் கிளறி, அமுக்கி, வாரி முடித்த பிறகு, அதைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட வேண்டும். கிளறியதும் பனி உதிரியாகத்தான் இருக்கும். விட்டால், துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுகும். இறுகினால்தான் ஜனங்கள் உட்கார்ந்து சறுக்கும் ரப்பர் டியூப் வழுக்கிக்கொண்டு போகும். அதற்குள் யாராவது கால் வைக்கப் போனால் அவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடி வருவார். "விடு, விடு" என்று கத்துவார். வந்தவர்கள் தங்களை உள்ளே விடச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக நடப்பார்கள்.

அவர் ஊருக்குத் திரும்பிய மறுநாளே எங்களுக்கு முதல் நெருக்கடி வந்தது. அன்று காலையில்தான் டில்லி முதன்முறையாகக் கோணல் இல்லாமல் கோடு போட்டிருந்தார். முதலாளி வந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. உடனே சரிவைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லிவிட்டார். டிக்கெட் வாங்கி, ஜாக்கெட் மாட்டி, பூட்ஸ் போட்டு உள்ளே வந்த ஜனங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்று, மார்கழிக் கோலம் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் கும்பிட்டார்கள். மதியம் மேற்குத் தாம்பரத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்த பி.டி. ஆசிரியை மட்டும் முதலாளியிடம் நேராகவே கேட்டார்.

"சார், இது சறுக்கறதுக்கா, ஃபோட்டோ எடுக்கறதுக்கா?"

"சறுக்கறதுக்குதாம்மா. ஆனா கோடு அழிஞ்சிடுமே."

"அழியட்டும் சார். அப்பதானே நாளைக்கு மறுபடியும் போட முடியும்."

முதலாளி கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். உங்களில் யாருக்காவது நீங்கள் வாரிய சரிவு மாலைக்குள் குதறப்பட்டுக் கிடப்பதைப் பார்த்து வருத்தம் வந்தால், அந்த ஆசிரியையை நினைத்துக்கொள்ளுங்கள். குதறப்படாத சரிவு என்றால் அன்றைக்கு யாரும் வரவில்லை என்று அர்த்தம்.

யாரும் வராத நாட்களும் வந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேடவாக்கம் ரோடு ஏரியாகிவிடும். முழங்கால் தண்ணீரில் நடந்து, நனைந்து, நடுங்கிக்கொண்டு வருகிறவரிடம் உள்ளே போய்க் குளிரை அனுபவியுங்கள் என்று எப்படிச் சொல்வது? மழை விட்டால் கூட்டம் வரும், வெயில் வந்தால் இன்னும் வரும் என்று நான் முதலாளியிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் மழைதான் காரணம் என்றால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. முதலாளிகளுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். அந்த இடத்தில்தான் அவருடைய மச்சான் குமரேசன் உள்ளே வந்தார். மனைவியின் தம்பி. அரங்கத்தில் அவருக்கு என்ன பொறுப்பு என்று கடைசி வரை எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் கையெழுத்து போடுவார். அவர் ஒரு வாஸ்து நிபுணரைக் கூட்டி வந்தார்.

பட்டு ஜிப்பாவுக்கு மேல் வாடகை ஜாக்கெட்டும், காலில் சிவப்பு ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் திசைகாட்டியைப் பார்த்தபடி நிபுணர் அரங்கத்தைச் சுற்றினார். நாங்கள் பின்னாலேயே போனோம். அவர் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது, பார்ப்பதற்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"எல்லாமே தலைகீழா இருக்கு. ஈசானிய மூலையில மலை நிக்குது. அங்க பள்ளம் இருக்கணும். கன்னி மூலையில பள்ளம் கிடக்குது. அங்க மேடு இருக்கணும். லட்சுமி மேல வந்து உக்காந்த உடனே சறுக்கி, கன்னி மூலை வழியா வெளிய போயிடறா."

அதாவது, சரிவின் உச்சி வடகிழக்கில் இருந்தது. அடிவாரம் தென்மேற்கில். டியூபில் வருகிறவர்கள் வேகம் குறைந்து தானாக நிற்பதற்காக அங்கே சமதளமாக விட்டிருந்தோம். அதற்கு அப்பால் ஒரு ரப்பர் தடுப்பு. அதற்கு அப்பால் கேன்டீனின் கண்ணாடிச் சுவர். உள்ளே ஜனங்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டு, சறுக்குகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"இப்ப மலைய நகத்தறதா?" என்று முதலாளி கேட்டார். குரலில் கலவரம்.

"தேவையில்ல. பரிகாரம் இருக்கு. கன்னி மூலையில பனியாலயே ஒரு மேடு போடுங்க. ஆள் உயரம் போதும்."

நான் இடைமறித்தேன். "சார், அந்த இடத்துலதான் எல்லாரும் வந்து நிக்கணும். அங்க மேடு வச்சா வர்ற வேகத்துல மேட்டுல ஏறி மேல தூக்கி எறிஞ்சிடும்."

குமரேசன் சிரித்தார். "மேடம், நீங்க சரிவுக்கு இன்-சார்ஜ். வாஸ்துவுக்கு இல்ல."

மேடு போட்டோம். டில்லி எருமையால் பனியைத் தள்ளிக் குவித்தார். நிபுணர் டேப் வைத்து அளந்து, உச்சியில் மஞ்சள் தடவிய ஒரு குச்சியை நட்டார். குச்சி அசையக் கூடாது, மேடு கரையக் கூடாது என்றார். தை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து மறுதிறப்பு விழா என்று குமரேசன் அறிவித்தார். அதுவரை சரிவை மூடிவைப்பது என்றும் முடிவாயிற்று.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். மேலே இருப்பவர் தவறாக ஒன்று சொல்லும்போது என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். முதல் வழி, வாயால் சொல்வது. சொல்லிவிட்டேன். இரண்டாவது வழி, காட்டுவது. கேன்டீனிலிருந்து ஒரு மூட்டை பொன்னி அரிசியை வாங்கி, டியூபில் கட்டி, முதலாளியும் மச்சானும் பார்க்க உச்சியிலிருந்து விட்டோம். டியூப் விர்ரென்று வந்தது, மேட்டில் ஏறியது, குச்சியை உரசிக்கொண்டு பறந்தது, கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால், ரப்பர் தடுப்பின் மேல் விளிம்பில் மோதி விழுந்தது. மூட்டை கிழிந்து அரிசி முழுவதும் பனியில் சிதறியது. பனியில் கொட்டிய அரிசியைப் பொறுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம்.

முதலாளி முகம் மாறியது. குமரேசன் மட்டும் அசரவில்லை. "மாமா, அது மூட்டை. அதுக்கு காலா இருக்கு? மனுஷன்னா கால ஊனி நிறுத்திப்பான்."

"குழந்தைங்க?" என்றேன்.

"குழந்தைங்க வெயிட்டே இல்லியே மேடம். எப்படி அவ்ளோ வேகம் வரும்?"

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அழைப்பிதழ் அடித்தாயிற்று, கவுன்சிலர் வர ஒப்புக்கொண்டாயிற்று, சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியாயிற்று. "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பெரிய விபத்துகளுக்கு முன்னால் யாராவது ஒருவர் இந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார்.

வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டில் யோசித்தேன். நான் விட்டால் என் இடத்தில் வேறு யாரையாவது வைப்பார்கள், மேடு அங்கேயேதான் இருக்கும். குச்சியை எடுத்துவிட்டு மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிவிடலாமா என்றும் யோசித்தேன். குமரேசன் தினமும் குச்சியைக் கைப்பேசியில் படம் பிடித்து நிபுணருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில், விழா மேடையிலேயே ஒரு வழி செய்யலாம் என்று தீர்மானித்தேன். அது மிகவும் கெட்டிக்காரத்தனமான வழி என்று அப்போது தோன்றியது.

விழா நாள் வந்தது. விடிந்ததும் டில்லி சரிவை வாரி முடித்தார். கூட்டம் வருவதற்குள் பனி நன்றாக இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து மண்டபத்திலிருந்து நாதஸ்வரக்காரர்களைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். குளிரில் தவில்காரரின் விரல் விறைத்துத் தாளம் கொஞ்சம் தள்ளித் தள்ளி வந்தது. கவுன்சிலர் ரிப்பன் வெட்டினார். முதலாளி வேட்டிக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய பேத்தி ரோஸ் நிற ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுத் தயாராக இருந்தாள். ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படிக்கிற குழந்தை.

குமரேசன் மைக்கைப் பிடித்தார். "முதல் சறுக்கல், நம்ம வீட்டு மகாலட்சுமி."

குழந்தை படிக்கட்டில் ஓடத் தொடங்கினாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் யாராவது பெரியவர்கள் போவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். போய் மைக்கை வாங்கினேன்.

"ஒரு நிமிஷம். பரிகாரம் சொன்னவங்கதான் முதல்ல போகணும், அதுதான் முறைன்னு சொல்லுவாங்க. ஐயா முதல்ல சறுக்கி ஆரம்பிச்சு வைக்கணும்னு கேட்டுக்கறேன்."

கூட்டம் கை தட்டியது. குழந்தையை யாரோ கீழே கூட்டி வந்தார்கள். நிபுணர் மேட்டைப் பார்த்தார். பிறகு உச்சியைப் பார்த்தார். பிறகு கைப்பேசியைப் பார்த்தார்.

"போகலாம். ஆனா இன்னிக்கு எனக்கு சந்திராஷ்டமம்."

"அப்ப குமரேசன் சார்?" என்றேன்.

"எனக்கு முட்டி மேடம். டாக்டர் மாடிப்படியே ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

கவுன்சிலரிடம் யாரும் கேட்கவேயில்லை. அவராகவே, "எனக்கு வார்டுல தண்ணி லாரி பிரச்சினை, கெளம்பணும்" என்றார்.

இந்த இடத்தில்தான் நான் காத்திருந்தேன். எல்லோரும் மறுத்துவிட்டார்கள், ஆகவே யாரும் போக வேண்டாம், முதலில் மேட்டை எடுப்போம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் முதலாளி ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"நம்ம பூமி. நானே போறேன்."

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறினார். டில்லி என் காதருகே வந்தார். "மேடம், இன்னா பண்ணிகினீங்க? பெருசு பறந்துடும்."

கெட்டிக்காரத்தனத்தால் வரும் ஆபத்து இதுதான். மற்றவர்கள் எல்லோரும் நாம் கணக்குப் போட்டபடியே நடந்துகொண்டார்கள். ஒரே ஒருவர் நடக்கவில்லை, அவர் உயிர்தான் அப்போது என் கையில் இருந்தது. தடுத்தால் இத்தனை பேர் முன்னால் அவர் கேட்க மாட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். பனியிடம்தான் பேச வேண்டும் என்று தோன்றியது.

மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனேன். "முதலாளி போற பாதை. புதுசா வாரிட்டுதான் அவர் போகணும்."

மரியாதை என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் யாரும் எதையும் தடுப்பதில்லை. டில்லியைப் பார்த்தேன். "பல்லை முழுசா இறக்குங்க. அமுக்க வேணாம். வெறுமனே கிளறிட்டு வந்துடுங்க." அவர் ஒரு கணம் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு எருமையில் ஏறினார். உச்சியிலிருந்து பாதிவரை, இறுகிக் கிடந்த பனி முழுவதும் புட்டுமாவு மாதிரி உதிர்ந்து கிடந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, கிளறியதும் விடு என்று எல்லோரையும் தடுத்துக்கொண்டிருந்தவள், அன்றைக்கு விடாமல் உடனே கிளம்பச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

முதலாளி உச்சியில் நின்று எருமை போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். டியூபில் உட்கார்ந்தார். தள்ளிவிட்டார்கள். டியூப் கிளம்பியது, கொஞ்ச தூரம் வந்தது, மூக்கு பனியில் புதைந்தது, திணறியது, நின்றுவிட்டது. மலையின் நடுவில், வேட்டி நனைந்து, இரண்டு கால்களும் மேலே தூக்கியபடி ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார்.

நாதஸ்வரம் நின்றது. கீழேயிருந்து பேத்தியின் குரல் மட்டும் கேட்டது.

"தாத்தா, சார்ஜ் தீந்துபோச்சா?"

கவுன்சிலர் இதுதான் நிகழ்ச்சி என்று நினைத்துக் கை தட்டத் தொடங்கினார். கூட்டமும் தட்டியது. நிபுணர் சட்டென்று மைக்கை எடுத்தார். "பாத்தீங்களா? இத்தனை நாளா லட்சுமி கீழ ஓடிப்போயிட்டிருந்தா. இன்னிக்கு நடுவுலயே தங்கிட்டா. பரிகாரம் பலிச்சிடுச்சு." கைதட்டல் இரண்டு மடங்காயிற்று.

நான் உதிரிப் பனியில் கால் புதையப் புதைய ஏறி அவரிடம் போனேன். "அடி ஏதாவது பட்டுச்சா சார்?"

"மானத்துலதான். கைய குடுங்க." கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "எருமையை புதுசா ஓட்டினத மேல நின்னு பாத்துகினுதான் இருந்தேன். ஏர் ஓட்டின கையி மேடம் இது. கிளறி வுட்ட எடத்துல எது ஓடும்?"

"தெரிஞ்சேவா உக்காந்தீங்க?"

"மூட்டை பறந்தத நானும்தானே பாத்தேன். அப்பவே நிறுத்தியிருக்கணும், வாய் வரல. இப்ப இவனுங்க ஒவ்வொருத்தனா நழுவறான். நானும் நழுவினா அடுத்தது யாரு? அந்தக் கொழந்ததானே." கீழே ரோஸ் நிறக் குல்லாயைப் பார்த்தார். "நீங்க எதுனா பண்ணுவீங்கன்னு நெனச்சிதான் ஏறினேன். பண்ணலன்னா இன்னா ஆயிருக்கும்னு கேக்காதீங்க."

அதுவரை அந்த அரங்கத்தில் புத்தியுள்ளவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பனிக்குள் நின்றும் எனக்கு வியர்த்தது.

"இப்ப மேட்டை என்ன சார் பண்றது? எடுக்கச் சொன்னா உங்க மச்சான் விடுவாரா?"

"அத்த நான் பாத்துக்கறேன்" என்றார். இந்த முறை அவர் சொன்னது வேறு மாதிரி இருந்தது.

அவரைக் கீழே இறக்கினோம். ஈர வேட்டியோடு மைக்கைப் பிடித்தார். "ஐயா சொன்னா மாதிரியே ஆயிடுச்சு. ரொம்ப சந்தோஷம். ஐயா கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வாஸ்து இந்த ரூமுக்கா, மொத்த மனைக்கா?"

நிபுணர் தாடையைத் தடவினார். "மனைக்குத்தான் முக்கியம்."

"மனைக்கு கன்னி மூலை எது?"

குமரேசன்தான் பதில் சொன்னார். "கார் பார்க்கிங், மாமா."

"அப்ப மேடு அங்கதானே இருக்கணும்? உள்ள இருந்தா இந்த ரூமுக்கு மட்டும்தானே ஆவும். அங்க வெச்சா மண்டபம், அரங்கம் எல்லாத்துக்கும் சேந்து ஆவும்ல?"

நிபுணரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதுவும் ஒரு வகையில் இன்னும் விசேஷம்தான் என்றார். பனி வெயிலில் கரைந்துவிடுமே என்று குமரேசன் சொன்னதற்கு, தினமும் புதிதாகப் போட்டால் தினமும் புதிய பலன் என்று நிபுணரே விளக்கம் கொடுத்தார். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மேடு வெளியே போய்விட்டது. டில்லி அடிவாரத்தைச் சமமாக்கி, வாரி, இறுகவிட்டார். மறுநாள் காலை முதலாளி பேத்தியைத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டு சறுக்கினார். இரண்டு பேரும் சமதளத்தில் வந்து மெதுவாக நின்றார்கள். குழந்தை உடனே மறுபடி போகணும் என்றாள். முதலாளியும் சொன்னார்.

தினமும் காலையில் சரிவைச் சீவும்போது அழுக்குப் பனி நிறைய வரும், தெரியும்தானே. முன்பெல்லாம் அதைப் பின்பக்கச் சாக்கடையில் தள்ளுவோம். அதன் பிறகு தள்ளுவண்டியில் ஏற்றி, கார் பார்க்கிங்கின் தென்மேற்கு மூலையில் குவித்து, மேலே மஞ்சள் குச்சியை நடுவோம். பதினோரு மணி வெயிலுக்குள் குச்சி சாய்ந்து கிடக்கும். வாசலில் இளநீர் விற்பவர் அதற்குள் பாதிப் பனியை அள்ளித் தன் காய்களின் மேல் போட்டுக்கொண்டிருப்பார். அவருடைய வியாபாரம் உயர்ந்தது. அவரும் வாஸ்துவை நம்பத் தொடங்கிவிட்டார்.

நீங்கள் இப்போதும் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். முணுமுணுக்காமல் தள்ளுங்கள். வெளியே இருக்கிற மேடு யாரையும் தூக்கி எறியாது. வேலையில் சில முட்டாள்தனங்களை ஒழிக்க முடியாது. எங்கே வைத்தால் யாருக்கும் அடிபடாதோ அங்கே கொண்டுபோய் வைக்கத்தான் முடியும். ஆனால் அடிவாரத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக் கொடுக்காதீர்கள். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல், நம்மை நம்பி உச்சியில் ஒருவர் உட்காருகிறார்.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. சென்னை கொதித்தது. மேடவாக்கத்திலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து குவிந்தார்கள். கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் கதவை மூடி மூடித் திறந்தோம். இதற்குக் காரணமானவரைக் கௌரவிக்க வேண்டும் என்று குமரேசன் சொன்னார். "அப்டின்னா வெயிலுக்குதான் சால்வை போடணும்" என்று டில்லி என்னிடம் முணுமுணுத்தார்.

சரிவின் அடிவாரத்தில், வாரிய பனியின் மேல், நிபுணருக்கு விழா எடுத்தார்கள். படத்தில் ஜிப்பா தெரிய வேண்டும் என்று அவர் ஜாக்கெட் வேண்டாம் என்றுவிட்டார். கவுன்சிலர் நீளமாகப் பேசினார். பிறகு குமரேசன் நீளமாகப் பேசினார். சால்வையைப் போர்த்த என்னைக் கூப்பிட்டார்கள். முதலாளி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மீசை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

நான் முன்னால் போய்ச் சால்வையைப் பிரித்து நிபுணர் தோளில் போர்த்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் சால்வையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல் கிட்டிக்க, என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"மேடம், இன்னொண்ணு இருக்குமா?"